ஓட்டுச்சில்லில் ஆல்ஃபா

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அதில் கிரேக்க எழுத்து எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். அவர்களில் பலர் பொறியாளர்கள். தீட்டாவும் சிக்மாவும் அவர்களுக்கு அன்றாடப் புழக்கம். பிள்ளைகளுக்கோ அவை கணக்குப் புத்தகத்தில் திடீரென்று ஊர்ந்து வரும் பூச்சிகள்.

தமிழ் வகுப்பில் அவற்றுக்கு இடமுண்டு என்பேன். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கிரேக்கம் எழுதிய ஓடுகளும் தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகளும் ஒரே மண்ணில் கிடைத்திருக்கின்றன. ஏதென்ஸ்காரர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் நாடுகடத்த வேண்டியவர் பெயரை ஓட்டில் கீறித்தான் வாக்களித்தார்கள். ஆகவே எங்கள் வகுப்பிலும் ஓடுதான்.

உடைந்த மண்தொட்டியை நர்சரியில் கேட்டால் சும்மாவே தருவார்கள். சில்லுகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஆளுக்கொரு கான்கிரீட் ஆணி கொடுப்பேன். ஊறிய ஓட்டில் தூசி பறக்காது. ஆல்ஃபா, டெல்டா, லாம்டா எல்லாம் நேர்க்கோடுகள், சட்டென்று வந்துவிடும். டெல்டாவின் முக்கோணம் தமிழ்ப் பிராமியில் எகரம் என்றதும் வகுப்பே இரைச்சலாகிவிடும். தீட்டாவில்தான் "மிஸ், ஆணி வழுக்குது!" என்ற முறையீடு தொடங்கும். ஆணியைச் சுழற்றினால் வட்டம் வராது. ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இதை நான் முதலில் சொல்வதில்லை. யாராவது ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

களிமண்ணை உருட்டி எழுத்துச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. களி எந்த வளைவுக்கும் இணங்கிவிடும். சுட்ட ஓடு இணங்காது. எந்தக் கோட்டை முதலில் கீறுவது என்று பிள்ளை யோசித்தே ஆகவேண்டும்.

கணக்கில் வரும் சின்ன ஆல்ஃபாவை ஓட்டில் கீறச் சொன்னால் யாருக்கும் சரியாக வராது, வரவும் கூடாது. அந்தச் சின்ன எழுத்துகள் கி.பி. 9ஆம் நூற்றாண்டுவாக்கில் பைசாந்தியத்தில் நூல்களைப் படியெடுத்தவர்கள் பேனாவை எடுக்காமல் ஓட்டி எழுதியதில் நிலைத்தவை. அவற்றுக்கு ஓட்டை ஒதுக்கிவிட்டு, முனை சீவிய மூங்கில் குச்சியும் மையும் தருகிறேன். இந்த இரண்டாம் பாதிக்குத்தான் பெற்றோரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். சில்லின் ஓரத்தை மட்டும் கருங்கல்லில் நன்றாகத் தேய்த்துவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பளபளப்புப் பூசிய பீங்கான் வேண்டாம், அது கண்ணாடிபோல் தெறிக்கும்.