பூட்டோடு போன பை

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த நம்பிக்கையில் நமது மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டுத் தோல்பைக்கு நல்ல பூட்டொன்று போட்டிருந்தோம். பேகம்பூரில் மரணத்தறுவாயிலிருந்த மூதாட்டிக்கு நோயில்பூசுதல் அளிக்கச் சென்ற மாலை, சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டை விசாரிக்கப் போனோம். திரும்பி வந்தால், வார்கள் அறுபட்டிருந்தன. பை பூட்டோடு போயிருந்தது. அதனுள்தான் மந்திரிக்கப்பட்ட எண்ணெய்ச் சிமிழ்!

வெறுங்கையோடு நின்ற நம்மிடம், "வீட்டில் நல்லெண்ணெய்தான் இருக்கிறது, சுவாமி" என்றார் மூதாட்டியின் மகள். ஒலிவ எண்ணெய் கிட்டாதவிடத்துப் பிற தாவர எண்ணெயைப் பயன்படுத்த 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அனுமதித்தார். அவசர வேளையில், சடங்கின்போதே குருவானவர் எண்ணெயை மந்திரிக்கலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 999ஆம் பிரிவு. அவ்வாறே செய்தோம். அன்றிரவே அவர் அமைதியாகக் கண்மூடினார்.

பூட்டு மூடியைக் காக்கும், வாரைக் காக்காது. பையை உள்ளிருந்து திருகாணியால் வண்டிச் சட்டத்தோடு இறுக்குவது நலம். அதனினும் நலம், இழக்கக்கூடாததைப் பையில் விடாமல் உடன் எடுத்துச் செல்வது. இப்போது சிமிழ் நமது சட்டைப்பையில் இருக்கிறது. பையைக் கொண்டுபோனவருக்காகவும் நாள்தோறும் மன்றாடுகிறோம்.