பதினேழாம் நம்பர் வீணை

மாம்பலத்தில் இருக்கும் ஒரு நண்பரின் பையன் போன் பண்ணினான். ‘அங்கிள், அப்பாவோட கீபோர்டைக் கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கேன். சிதார் கேட்டா பாஞ்சோ வருது.’

நண்பர் கல்யாணக் கச்சேரிகளில், மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். இறந்து பதினோரு வருஷமாகிறது. பரணில் கீபோர்டும், பவுடர் டப்பா ஒன்றில் ஏழெட்டு ஃப்ளாப்பிகளும் இருந்தன. பையன் ரிச்சி தெருவில் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றைத் தேடி வாங்கி, ஒரு மிடி ஃபைலை மட்டும் உயிரோடு வெளியே எடுத்துவிட்டான். நாற்பது கேபிகூட இல்லை. ஆனால், முழுப் பாட்டு.

எப்படி? மிடியில் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினார், எப்போது விட்டார் என்கிற குறிப்பு மட்டுமே. சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு சாம்பார் சாப்பிட முடியாது. யாராவது வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் தன் சொந்த ஒலிகளை வைத்துப் பண்ணிய சாம்பார் சகிக்கவில்லை என்றுதான் பையன் பரண் ஏறியிருக்கிறான்.

நேரில் போனேன். முதல் சிக்கல் கேபிள். கேபிளின் ‘அவுட்’, கீபோர்டின் ‘இன்’னில் நுழைய வேண்டும். சில மலிவு கேபிள்களில் எழுதியிருப்பதே தலைகீழ். சத்தம் வராவிட்டால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம், ஒன்றும் புகையாது. ‘இன்’னுக்குப் பின்னால் ஓர் ஒளி இணைப்பு உட்கார்ந்துகொண்டு இரண்டு பெட்டிகளையும் மின்சார ரீதியாகத் தொடவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த ஐந்து ஊசி ப்ளக்குக்கு 1983-ல் கல்யாணம். கலிபோர்னியாவில் ஒரு கண்காட்சியில், போட்டிக் கம்பெனிகளின் இரண்டு கீபோர்டுகளை, ப்ராஃபெட்-600ஐயும் ஜூபிடர்-6ஐயும், ஒரே கேபிளில் பேசவைத்தார்கள். அதற்குக் காரணமான டேவ் ஸ்மித்துக்கும் ககெஹாஷிக்கும் முப்பது வருஷம் கழித்து 2013-ல் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். 2020-ல் மிடி 2.0 வந்தது. பழைய ப்ளக் இன்னும் வேலை செய்கிறது. நம் ஊரில் செல்போன் சார்ஜர்கள் இத்தனை நாள் தாங்கியதில்லை.

பாஞ்சோ விஷயம் சுலபம். 1991-ல் வந்த ஜெனரல் மிடி பட்டியலில் 128 வாத்தியங்கள். சிதார் 105, பாஞ்சோ 106, ஷெனாய் 112. கீபோர்டுக்காரர்கள் ஒன்றிலிருந்து எண்ணுகிறார்கள். பையனின் சாஃப்ட்வேர் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. 105 என்று போட்டால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். 104 போடச் சொன்னேன். சிதார் வந்தது.

‘அப்பா வாசிச்சது சிதார் இல்லை அங்கிள், வீணை’ என்றான். நண்பரின் பழைய டயரியில் ‘யூசர் 17 - வீணை’ என்று எழுதியிருந்தது. பட்டியலில் இல்லாத ஒலி, அவரே செய்தது. இதற்கு பாங்க்கை மாற்ற வேண்டும். 128க்கு மேல் ஒலிகள் இருந்தால் பாங்க் பாங்க்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். கன்ட்ரோலர் 0, அடுத்து 32, அதன் பிறகுதான் புரோகிராம் நம்பர். வரிசை மாறினால் கீபோர்டு பழைய பாங்க்கிலேயே தேடும். அனுப்பினோம், பூஜ்யக் கணக்குப்படி 16.

வந்தது மிக்ஸி ஓடும் சத்தம். கீபோர்டின் சின்னத் திரையில் வீணை என்பதற்குப் பதில் ஏதோ கிறுக்கல். ஆன் பண்ணும்போதே ‘பேட்டரி லோ’ என்று சொல்லியிருக்கிறது, கவனிக்கவில்லை. சொந்த ஒலிகளை ஞாபகம் வைத்திருப்பது உள்ளே இருக்கும் காசு அளவு லித்தியம் பேட்டரி. அது பரணிலேயே செத்துப்போயிருந்தது.

‘ராத்திரி பூரா அதையேதான் நோண்டிண்டிருப்பார் அண்ணா. போயிடுத்தா?’ என்றாள் நண்பரின் மனைவி.

புது பேட்டரி போட்டோம். அதனால் பழசு திரும்பாது என்று தெரியும். மிச்ச ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மூன்று கரகரத்துச் செத்தன. நாலாவதில் ஒரு மிடி ஃபைல். திறந்தால் ஒரு ஸ்வரம்கூட இல்லை. எஃப்0 என்று ஆரம்பித்து எஃப்7 என்று முடியும் எண்கள் மட்டும். பையன் டெலிட் பண்ணப் போனான். கையைப் பிடித்தேன். அது சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ். கீபோர்டு தன் ஞாபகம் மொத்தத்தையும் தன் தனி பாஷையில் கக்கிவைத்தது. மனுஷன் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்!

மெமரி ப்ரொடெக்ட்டை ஆஃப் செய்துவிட்டு அனுப்பினோம். மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். முப்பது கேபி போய்ச்சேரப் பத்து விநாடி. திரையில் ‘வீணை’ என்று ஆங்கிலத்தில் வந்தது, ஸ்பெல்லிங் தப்போடு.

பாட்டை ஓடவிட்டோம். திரையில் ஸ்வரங்களுக்குக் கீழே மலை மலையாக ஒரு கோடு. பிட்ச் வீலை அவர் இடது கை உருட்டியது. கமகம். நடுவில் 8192, மேலே 16383 வரை. ஒவ்வொரு நடுக்கமும் அப்படியே இருந்தது. அனுபல்லவிக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு ஸ்வரம் கோட்டைவிட்டுத் தள்ளி நின்றது. பையன் குவாண்டைஸ் பட்டனுக்குப் போனான். தாளத்துக்கு இழுத்து நிறுத்தும் பட்டன் அது.

‘அந்த இடத்துல எப்பவும் லேட்டாத்தான் வருவார்’ என்றாள்.

பையன் மௌஸை எடுத்துவிட்டான்.

அன்றைக்கே ஆடியோவாக ஒரு முறை பதிவு செய்யச் சொன்னேன். பேட்டரியையும் ஃப்ளாப்பியையும் இனி நம்புவதற்கில்லை. கீபோர்டின் அவுட்புட் கம்ப்யூட்டருக்குள் நேராகப் போனது. நாலு நிமிஷம், ஓடும் நேரம்தான் பதியும் நேரம். நண்பரின் மனைவி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். மைக் இல்லை, கேபிளில் போகிறது, தேவையில்லை என்றேன். அவள் திரும்பப் போடவில்லை.