விரல் நிமிர்ந்துவிட்டது, வேலை?

தொழுநோய்க்கு மாத்திரை இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். இதை ஊர் ஊராகச் சொல்லிவருகிறோம். குணமானவர்களின் நரம்பு என்ன ஆனது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

முழங்கையின் உள்பக்கம் ஓடும் நரம்பு வீங்கினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்து மடங்கிக்கொள்ளும். மரத்த 6 மாதத்துக்குள் வந்தால் ஸ்டீராய்டு மாத்திரையில் பலருக்கு மீளும். அதிலும் அடங்காவிட்டால் நரம்பை இறுக்கும் உறையைக் கீறிவிடுவார்கள். காலம் கடந்துவிட்டால் வேறொரு தசைநாணை எடுத்து விரலோடு சேர்த்துத் தைக்க வேண்டும். தொழுநோயாளிகளின் கைகளுக்கு இந்த அறுவையை 1948இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியவர் டாக்டர் பால் பிராண்ட். விரல் நிமிரும். தொடு உணர்ச்சி திரும்பாது.

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் அண்ணன் ஒருவர் ஆபரேஷன், பிசியோதெரபி எல்லாம் முடித்து வந்தார். "டம்ளர் பிடிக்கேன், சட்டைக்குப் பித்தான் போடுதேன். சூடுதான் தெரிய மாட்டேங்கு" என்றார். தினமும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவணும், காயம் இருக்கிறதா என்று பார்க்கணும், முரட்டுக் கட்டையைப் பிடிக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. பாத்தியில் நல்ல தண்ணீர் குடிக்கவே கிடையாது. உணர்ச்சியில்லாத கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் கட்டையை இறுக்கிப் பிடிக்கும். மூன்றே வாரத்தில் கொப்புளம், பிறகு புண். ஓய்வெடுத்தால் கூலி இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரட்டைக் குவளைக்கு எதிராக நின்ற நம் தெருவிலேயே அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள். குணமானவரிடமிருந்து நோய் பரவாது என்று சொன்னால் தலையாட்டுகிறார்கள். டம்ளர் மட்டும் தனியாகவே இருக்கிறது.

பிராண்டிடம் கை சரியான சிலர் திரும்பி வந்து, நிமிர்ந்த கைக்குப் பிச்சைகூட விழவில்லை என்றார்களாம். அவர் மருத்துவமனை வளாகத்திலேயே பட்டறை போட்டுத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். கருவி எங்கே கையைக் கிழிக்கிறது என்று கூடவே இருந்து கவனித்து, பிடியை மாற்றினார். அறுவையில் பாதிதான் கத்தியின் வேலை என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

இன்று அறுவைக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் இட ஒதுக்கீட்டில் சேர்த்திருக்கிறது. அரசு வேலைக்கு மனுப் போடப் படிப்பு வேண்டுமே! தலைமுறையாக உப்பு வாரும் குடும்பத்துக்கு அந்தச் சட்டத்தால் என்ன கிடைக்கும்?

அண்ணன் கேட்பது உப்புக் குவியலுக்குக் காவல் வேலை. அதே கூலியில். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம். துணி சுற்றிய பிடி, கையுறை, கை ஊறவைக்கத் தண்ணீர், மாற்று வேலை என்று நான்கு கோரிக்கை எழுதியிருக்கிறோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இன்னும் எடுக்கவில்லை. அதற்கு இன்னொரு நாள் கூலி போகும். கூட வரக்கூடிய தோழர்கள் முன்னதாகச் சொல்லுங்கள், காலை 9 மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும்.