கரிசல் வீட்டுக் கொல்லையில் காயும் கனியும்

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்து விவசாயிகளிடமிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. 'எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு. போர் தண்ணீர் உப்பு. வீட்டில் காய்கறித் தோட்டம் போட முடியுமா?'

முடியும். ஆனால் தோட்டத்துக்கு முதலில் தேவைப்படுவது விதையோ உரமோ அல்ல, தண்ணீர்க் கணக்கு. வீட்டுக்குள் எத்தனை குடம் வருகிறது, எத்தனை குடம் சாக்கடைக்குப் போகிறது என்று ஒரு வாரம் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெய்கிறது. ராஜஸ்தான் பாலைவனத்தின் வாசலில் இருக்கும் ஜோத்பூரில் இதில் பாதிகூடப் பெய்வதில்லை. அங்கேயே இலந்தையும் மாதுளையும் காய்க்கின்றன. நம்முடைய சிக்கல் மழையின் அளவைவிட, அது பெய்யும் விதம்தான். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு, தை பிறந்ததும் வானம் கையை விரித்துவிடும். முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வது இந்த மண்ணுக்குப் பொருந்தும். ஆண்டில் 3 மாதம் முல்லை, மீதி மாதங்கள் பாலை.

இந்த வறட்சிதான் இங்கே தொழிலையும் கொண்டுவந்தது. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். காய்ந்த காற்றும் சுள்ளென்ற வெயிலும் தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் தோதாக அமைந்தன. பயிருக்கு ஆகாத வெயில் மருந்து உலர்த்த ஆனது. மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பங்களில் பலர் ஆலைக்கூலிக்குப் போனார்கள்.

வேலை நிற்கும்போது மழை வருகிறது

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கரிசல் ஊர். அங்கே ஒரு குடும்பம். கணவருக்குப் பட்டாசு ஆலையில் வேலை. மனைவி 100 நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வீட்டில் மாமியார், பள்ளிக்குப் போகும் ஒரு பெண் பிள்ளை. வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் இடம். நெடுநாளாக அதில் சீமைக்கருவேல முள்ளும் விறகும்தான் கிடந்தன.

தீபாவளி முடிந்ததும் ஆலைகளில் வேலை நின்றுவிடும். மழை ஈரத்தில் மருந்து உலராது. மறுபடி வேலை தொடங்கும் வரை வாரக்கூலி கிடையாது. முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் கழுத்தில் நிற்கும். அந்த வாரங்களில்தான் சந்தையில் காய்கறி விலையும் மழையால் ஏறும். ரசமும் அப்பளமுமாக ஒரு மாதத்தை ஓட்டும் வீடுகள் இந்த வட்டாரத்தில் அதிகம்.

அந்த மனைவி இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கூலி நிற்கிற காலமும் மழை பெய்கிற காலமும் ஒன்றுதானே? புரட்டாசி முதல் வாரத்தில் விதை போட்டால், ஐப்பசி கடைசியில் சீனியவரையும் வெண்டையும் பறிப்புக்கு வந்துவிடும். கீரை 25 நாளில் கைக்கு வரும்.

மாமியாருக்கு நம்பிக்கை இல்லை. "ஏ தாயி, குழாயில நாலு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது. இதுல செடிக்கு வேற ஊத்தப் போறியாக்கும்?" என்றார்.

"நல்ல தண்ணி ஒரு செம்புகூடத் தொடமாட்டேன் அத்தை. பாத்திரம் கழுவுறது, அரிசி கழுவுறது, குளிக்கிறது, இது போதும்" என்றார் மருமகள்.

நாலு பேர் உள்ள வீட்டில் அப்படிச் சேரும் தண்ணீர் நாளுக்கு 6, 7 குடம் தேறும். 2 சென்ட் முழுவதற்கும் அது போதாது. 5, 6 பாத்திக்கும் 4 மரத்துக்கும் தாராளம்.

எந்தத் தண்ணீரை ஊற்றக் கூடாது

இங்கேதான் மற்ற ஊருக்கு இல்லாத ஓர் எச்சரிக்கை இந்த ஊர்களுக்கு வேண்டும்.

கீரை தளதளவென்று வந்திருந்த நேரம். ஒரு சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்தபோது மாமியார் பாத்திக்கு வாளியோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எந்தத் தண்ணிம்மா இது?"

"உன் சட்டை அலசுன தண்ணிதான்யா. வீணாப் போகுதேன்னு ஊத்துனேன்."

"எத்தனை நாளா ஊத்துற?"

"ஒரு வாரமா ஊத்துறேன். வெடியுப்பு உரந்தானய்யா?"

அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து அந்தப் பாத்திக் கீரை முழுவதையும் வேரோடு பிடுங்கி வெளியே போட்டார். "மருந்துத் தண்ணிம்மா அது. பிள்ள திங்கிற கீரை" என்றார். கிழவி அன்று இரவு சாப்பிடவில்லை. சிக்கனம் பிடித்ததற்கு இப்படியா என்று அவருக்கு வருத்தம். பச்சைக் கீரை குப்பையில் கிடந்ததைப் பார்த்த மருமகளுக்கும் மனசு ஆறவில்லை.

மாமியார் சொன்னதில் பாதி உண்மை. வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட் உரமாகவும் விற்பனைக்கு வருகிற பொருள்தான். ஆனால் வேலைச் சட்டையில் அது தனியாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. கந்தகம், அலுமினியப் பொடி, நிறம் தரும் உப்புகள் எல்லாம் சேர்ந்தே வரும். பச்சை நிறத்துக்குப் பயன்படுத்தி வந்த பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும், உடம்புக்கு நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை செய்தது. சட்டையில் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே கணவர் செய்தது சரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் மூன்றாகப் பிரிந்தது. வேலைச் சட்டை அலசிய தண்ணீரும், வேலை முடிந்து வந்து குளிக்கும் தண்ணீரும் தோட்டத்துக்கும் குடிநீருக்கும் எட்டாத தனிக்குழிக்கு. சோப்புத் தூள் கலந்த துவைத்த தண்ணீர் வேலியோர வேம்புக்கு. சோப்புத் தூளில் உள்ள சோடியம் கரிசலை இறுக வைக்கும், காய்கறிக்கு ஆகாது. அரிசி, காய், பாத்திரம் கழுவிய தண்ணீரும் மற்றவர்கள் குளித்த தண்ணீரும் மட்டும் பாத்திக்கு. அதையும் மண்ணில்தான் விட வேண்டும், இலை மேல் ஊற்றக் கூடாது.

இன்னொன்று. மருந்து வந்த சாக்கு, டப்பா, பீப்பாய் எதையும் செடி வளர்க்கவோ தண்ணீர் பிடிக்கவோ எடுக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். பட்டாசுக் காகிதக் கழிவை மூடாக்காகப் போடுவதும் தவறு.

பள்ளமா, மேடா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ வறண்ட நாட்டில் சூனி பழங்குடியினர் சிறு சிறு பள்ளப் பாத்திகள் எடுத்து, சுற்றிலும் மண் வரப்பு வைத்துக் காய்கறி வளர்த்தார்கள். பள்ளத்தில் ஈரம் நிற்கும், காற்றும் அடிக்காது. நல்ல முறைதான். ஆனால் அதை அப்படியே எடுத்துவந்து கரிசலில் ஐப்பசியில் செய்தால் வேர் அழுகும். கரிசல் தண்ணீரைக் குடித்து உப்பும், எளிதில் வடியவிடாது. அதனால் புரட்டாசி முதல் மார்கழி வரை அரை அடி உயர மேட்டுப்பாத்தி, தை முதல் பள்ளப்பாத்தி என்று மாற்றிக்கொள்வது நல்லது. பாத்திக்குச் செம்மண்ணும் மட்கிய எருவும் கலந்தால் கோடையில் வெடிப்பு குறையும். சோளத்தட்டை, கடலைத்தோல், காய்ந்த இலை எது கிடைத்தாலும் 3 விரல் கனத்துக்கு மூடாக்குப் போட வேண்டும்.

கோடைக்குப் பானைப் பாசனம் கைகொடுக்கும். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பானையைப் புதைத்து முலாம்பழம் வளர்த்திருக்கிறார்கள். வண்ணம் பூசாத 5 லிட்டர் மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, சுற்றி 4 செடி வைக்க வேண்டும். மண்பானை கசிகிற ஈரம் வேருக்கு நேரே போகும். 3 நாளுக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். வாயை மூடி வைக்காவிட்டால் கொசு பெருகும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பானையின் நுண்துளை நாளடைவில் அடைந்துபோகும். மழைநீரோ குடிநீரோ ஊற்றலாம்.

மழைநீருக்குக் கூரை இருக்கிறது. 400 சதுர அடி கூரையில் 1 செ.மீ. மழை பெய்தால் சேதாரம் போக சுமார் 300 லிட்டர் பிடிக்கலாம். ஒரு நல்ல மழைக்கு 20 குடம்.

எதை வைப்பது

இந்த மண் அறிந்த பயிர்களிலிருந்து தொடங்க வேண்டும். சீனியவரை, தட்டைப்பயறு, வெண்டை, கத்தரி, பூசணி ஆகியவை புரட்டாசிப் பட்டத்துக்கு. வேலியில் பீர்க்கு, கோவைக்காய், பிரண்டை. தையில் வெள்ளரி, சாத்தூர் வெள்ளரிக்கு அறிமுகம் தேவையில்லை. அதலைக்காயை யாரும் விதைப்பதில்லை. கிழங்கு மண்ணுக்குள் கோடை முழுவதும் உறங்கி, மழை விழுந்ததும் கொடி விடும். களை என்று பிடுங்காமல் வேலியோரம் விட்டுவைத்தால் கார்த்திகையில் பொரியலுக்கு ஆச்சு. பறித்த அன்றே சமைக்க வேண்டும், வைத்திருந்தால் வெடித்துவிடும்.

மரத்தில் முதல் இடம் முருங்கைக்கு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.1 விதை போட்ட 6 மாதத்தில் காய்க்கும். முக்கால் மீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பிரியும். முருங்கைக்கு நீர் தேங்கக் கூடாது என்பதால் அடியில் மண் அணைத்து மேடாக்க வேண்டும். அடுத்து சீத்தா. கோவிலாங்குளத்தில் இருக்கும் அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் ஏ.பி.கே.1 என்ற சீத்தா ரகத்தையே இந்த மானாவாரி நிலத்துக்காகத் தந்திருக்கிறது. உப்பு கொஞ்சம் உள்ள தண்ணீருக்கு இலந்தையும் சப்போட்டாவும் தாங்கும். மா, வாழை என்று ஆசைப்பட்டால் தண்ணீர்க் கணக்கு இடிக்கும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 50 கிராம் பருப்பை இடித்து, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கலாம்.

என்ன மிஞ்சியது

பிடுங்கிய பாத்தியின் மேல்மண்ணை அரை அடிக்கு வெட்டி அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் அவர்கள் உண்ணும் பயிர் எதையும் வைக்கவில்லை. மற்ற பாத்திகளில் தீபாவளிக்குப் பிறகு சீனியவரையும் வெண்டையும் வாரம் இரண்டு பறிப்பு கிடைத்தன. அந்த மாதம் எண்ணெய், புளி, பருப்புக்குக் கடன் சொன்னார்கள். காய்க்குச் சொல்லவில்லை. முன்பணமும் அப்படியேதான் இருந்தது. 2 சென்ட் தோட்டம் கூலியை ஈடுகட்டாது. பிள்ளையின் தட்டில் வெறும் சோறு மட்டும் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வட்டிக்கு வாங்காமல் ஒரு செலவு குறைவதே அந்த வீட்டில் பெரிய காரியம்.

இப்போது தண்ணீர் பிரிக்கும் வேலை மாமியாருடையது. சின்னப் பிள்ளை தெரியாமல் வாளி மாற்றி எடுத்தாலும் அவர் விடுவதில்லை. "அது அப்பன் சட்டைத் தண்ணி, குழிக்குப் போகணும்" என்று சத்தம் போடுகிறார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆவணியிலேயே வாளிகளைப் பிரித்து, எந்த வாளி எங்கே போகும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைத்துவிட வேண்டும். பெயின்டில் ஒரு கோடு போட்டுவைத்தால் குழப்பம் வராது. விதை வாங்குவது அதற்குப் பிறகு.