நொய்யலில் நிறம் போனால் போதுமா?

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை. கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள், வெள்வேல் நிழலில் காங்கேயம் மாடுகள் என்று வறட்சிக்குப் பழகிய சீமை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வரும் நொய்யலை மறித்து, 1992-ல் இந்த அணை கட்டப்பட்டது. ஈரோடு, கரூர் பக்கம் சுமார் 20,000 ஏக்கர் பாசனம் பெறும் என்பது திட்டம். வந்து சேர்ந்ததோ சாயக்கழிவு. கடைசியில், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டியதாயிற்று. அணை கட்டிய ஊரில் இதைவிடக் கொடுமை வேறென்ன!

ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை 2006-ல் வந்தது. அது நடக்காததால், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கியும் வைத்த பிறகே பட்டறைகள் திரும்ப ஓடின.

இப்போது இன்னொரு பொருள் பேச்சில் அடிபடுகிறது. உலோகக் கரிமச் சட்டகம் என்று பெயர். 2025-ல் வேதியியல் நோபல் பரிசு கிடகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான். புடலைப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். உலோக அயனிகள் முடிச்சு. கரிம மூலக்கூறுகள் அவற்றை இணைக்கும் கம்பு. நடுவிலே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அறைகள். சில வகைகளில் ஒரு கிராம் தூளின் உட்பரப்பு மட்டும் 3,000 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கர்! பருத்தித் துணிக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை எதிர்மின் தன்மை உடையவை. நேர்மின் தன்மையுள்ள சட்டகம் அவற்றை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் கலங்கிய நீர் தெளிந்துவிடுகிறது.

ஆனால் பட்டறைக் கழிவு ஆய்வுக்கூட நீர் அல்ல. அதிலுள்ள உப்பு அயனிகளும் அதே இடத்துக்குப் போட்டி போடும். சாய மூலக்கூறு அறை வாசலைவிடப் பெரிதானால் உள்ளே நுழையாது. சில சட்டகங்கள் தண்ணீரிலேயே சிதைந்துவிடும். சிர்கோனியம் வகை தாக்குப்பிடிக்கும், விலைதான் அதிகம். சாயம் நிரம்பிய தூளைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். கழுவிய நீரை எங்கே விடுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

விவசாயிக்கு முக்கியமான விஷயம் இதுதான். பனியன் துணியில் சாயம் பிடிக்க சாதா உப்பையோ சோடியம் சல்பேட்டையோ அள்ளிக் கொட்டுகிறார்கள். துணி சாயத்தைத்தான் குடிக்கும். உப்பு முழுவதும் தண்ணீரோடு போய்விடும். சட்டகம் சாயத்தை எடுத்தாலும் அந்த உப்பை எடுக்காது. கண்ணாடி போலத் தெளிந்த நீரும் பயிரைக் கருக்கும். ஒரு வகையில் நிறமுள்ள நீரே பரவாயில்லை, பார்த்ததும் எச்சரிக்கை செய்யும்.

ஆகவே நொய்யல் கரையில் கிணற்று நீரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் 2.25 டெசிசைமனுக்கு மேல் இருந்தால் மஞ்சளும் அவரையும் வேண்டாம். பருத்தி ஓரளவு தாங்கும். சோடியம் படிந்த மண்ணுக்கு ஜிப்சம் உதவும். உப்பு நீரை அது நல்ல நீராக்காது, வடிகால் இல்லாத வயலில் போட்டும் பலனில்லை. மழைக்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி எடுத்து, இரண்டு முடிவுகளையும் தேதியோடு குறித்து வையுங்கள்.