மூன்று ப

பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’ வேறு, இரண்டாம் ‘ப’ வேறு. எழுத்து மட்டும் ஒன்றே. மகர ஒற்றுக்குப் பின்னால் குரல் நெகிழும் என்பது நம் வாய்க்கே தெரியும். அதனால் தமிழுக்கு அந்த ஓர் எழுத்து போதும். ஆர்மேனிய மொழிக்குப் போதாது. அங்கே இவை இரண்டும் தனித்தனி ஒலிகள். மூச்சைச் சேர்த்துத் தள்ளும் மூன்றாம் ‘ப’வும் உண்டு. இடம் பார்த்து எது என்று ஊகிக்க வழியில்லை. க, த, ச ஆகியவற்றுக்கும் இப்படி மும்மூன்று.

இந்த மொழிக்கு எழுத்து வந்த கதையில், வெற்றியைவிட அதற்கு முந்தைய தோல்வியே என்னை ஈர்க்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். தானியேல் என்ற சிரியா நாட்டு ஆயரிடம் ஆர்மேனியத்துக்கான எழுத்துகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மன்னர் வ்ராம்ஷபூஹ் ஆளனுப்பி அவற்றை வரவழைத்தார். துறவி மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் பிள்ளைகளைக் கூட்டி அவற்றைக் கற்றுக்கொடுத்தார். சில காலத்துக்குப் பிறகுதான், மொழியின் அசைகளை முழுமையாகப் பிடிக்க அவற்றால் முடியவில்லை என்பது தெரிந்தது. மாணவர் கொரியுன் எழுதிய வாழ்க்கை வரலாறு இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. நானோ அந்த வகுப்பறையை விட்டு நகர முடியாமல் நிற்கிறேன். வீட்டில் பேசும் சொல்லைப் பலகையில் தேடும் பிள்ளை. கிடைப்பது அதன் பாதிதான். குறை பிள்ளையிடம் என்று எந்த ஆசிரியரும் எளிதாகச் சொல்லிவிட்டிருக்கலாம். மாஷ்டோட்ஸ் எழுத்தைச் சந்தேகித்தார். அந்தச் சந்தேகத்தை நான் வணங்குகிறேன்.

405ஆம் ஆண்டையொட்டி 36 எழுத்துகள் பிறந்தன. சமோசாத்தா நகரில் ரூஃபினுஸ் என்ற கிரேக்க எழுத்தோவியர் அவற்றின் வடிவங்களைச் செம்மை செய்துகொடுத்தார். கிட்டத்தட்ட ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து. ஆனாலும் மிகர்திச் என்ற பெயரை எழுதும்போது முதல் நான்கு மெய்களும் உயிரே இல்லாமல் வரிசையாக நிற்கும். இடையில் வரும் குறுகிய உயிரை வாசிப்பவர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த உயிருக்கும் மாஷ்டோட்ஸ் தனி எழுத்து கொடுத்திருந்தார். அப்படியும் சொல்லின் நடுவில் அதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

பிறகு வாய்கள் இடம் மாறின. மேற்கு ஆர்மேனியரிடம் முதல் ‘ப’ பம்பரத்தின் இரண்டாம் ‘ப’வாக நெகிழ்ந்தது, நெகிழ்ந்திருந்ததோ மூச்சொலியானது. பேதுருவின் ஆர்மேனியப் பெயரை ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் வல்லொலியில் தொடங்குகிறார்கள், மேற்கு ஆர்மேனியர் வாழும் பெய்ரூட்டில் மெல்லிய ஒலியில். எழுதுவது ஒரே எழுத்தில். ஒன்றாகிவிட்ட இரு ஒலிகளுக்கு எந்தச் சொல்லில் எந்த எழுத்து என்பதை மேற்கத்தியக் குழந்தை மனப்பாடம் செய்தே தீர வேண்டும்.

1922இல் சோவியத் ஆர்மேனியா பேச்சுக்கு நெருக்கமாக எழுத்திலக்கணத்தைத் திருத்தியது. 1940இல் அதில் சிலவற்றைத் திரும்பப் பெற்றது. புலம்பெயர்ந்த மேற்கு ஆர்மேனியர் பழைய முறையை விடவில்லை. குழந்தையின் சுமை குறையட்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆயினும் நான் பழைய முறையின் பக்கம். ஊரை இழந்து சிதறியவர்களுக்குக் கொரியுன் எழுதியபடியே ஒரு சொல்லை எழுத முடிவது சிறிய உடைமை அல்ல.

உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் வெளிவந்தது சென்னையில். நடத்தியவர் ஷிராஸிலிருந்து வந்த பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மவோன்யன். ஆர்மேனியன் தெரு தேவாலயத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். அந்த இதழை இன்று யெரெவான்காரர் கையில் எடுத்தால், பெயரில் உள்ள ‘த’வை நாம் ‘பந்து’ என்பதில் சொல்வதுபோல் உச்சரிப்பார். பெய்ரூட்காரர் அதே ‘த’வை மூச்சோடு தள்ளுவார்.