மில் தூசும் மூச்சும்

உப்பிலியபுரம், துறையூர் பக்கம் நெல் அரைக்கும் மில்லுக்குள் போனவர்களுக்குத் தெரியும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டை பிடிப்பவர்களின் புருவத்தில்கூட தவிட்டுத் தூசு படிந்திருக்கும். பழகிவிட்டது என்பார்கள். நுரையீரலுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது.

நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதோடு பறக்கும் தூசை இழுக்கப் பல மில்களில் சைக்ளோன் இருக்கிறது. காற்றைச் சுழற்றி, கனமான துகளைக் கீழே தள்ளும் கூம்பு அது. மூச்சில் ஆழமாக இறங்கும் நுண்தூசு அதில் பெரும்பாலும் தப்பிவிடும். அதைப் பிடிக்கத் துணிப்பை வடிகட்டி வேண்டும். பையை அவ்வப்போது உதறாவிட்டால் இழுவை குறைந்துவிடும். தூசு கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்சு வாய் இருக்க வேண்டும். ஒரு முழம் தள்ளி வைத்தாலே பலன் பெரிதும் போய்விடும்.

விளக்குமாற்றால் கூட்டுவதும் கம்ப்ரசர் காற்றால் ஊதுவதும் படிந்த தூசை மறுபடி பறக்கவிடும் வேலைதான். மூடிய இடத்தில் பறக்கும் தூசு ஒரு பொறியில் வெடிக்கவும் செய்யும். 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் மாவு ஆலை அப்படித்தான் வெடித்து 18 பேர் இறந்தார்கள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 14ஆம் பிரிவில் தூசை வெளியேற்றச் சொன்னது, 37ஆம் பிரிவில் வெடிக்கும் தூசைப் பற்றி எச்சரித்தது.

மில் வைத்திருக்கும் சொந்தங்களே, அடுத்த அறுவடை வருமுன் ஒரு தொழிற்சாலை வேக்குவம் வாங்குங்கள். பை வடிகட்டியைப் பற்றி விசாரியுங்கள்.